ரேடியேட்டர் இல்லாத மிஷின்

ஜூன் 30, திங்கள்

மூன்றாம் வகுப்பில் இன்று பெருக்கல். பாதிப் பிள்ளைகள் லீவில் எல்லாவற்றையும் மறந்துவிட்டு வந்திருக்கின்றன. கத்திக் கத்தித் தொண்டை போச்சு. வீட்டுக்கு வந்தால் இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் வைத்துவிட்டுப் போன தண்ணீர் போதவில்லையாம். கிட்னி போன ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் சொன்னது என்னவோ எனக்கு மட்டும் சொன்ன மாதிரி. "லாரி ஓட்டுன காலத்துல ஒரு குடம் குடிப்பேன்டி டெய்சி" என்கிறார். அப்போது கிட்னி இருந்தது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு பேருக்குமே சோறு இறங்கியிருக்காது.

நாளை செவ்வாய், டயாலிசிஸ். செவ்வாயும் வெள்ளியும் இவர் மாப்பிள்ளை மாதிரிதான் கிளம்புவார். நீலச் சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டேன். அங்கே போய்ப் படுக்கப்போகிற ஆளுக்கு எதுக்குங்க இஸ்திரி என்று முன்பு ஒரு தடவை கேட்டேன். "படுக்குறது அங்க. போறது ரோட்டு வழியா இல்ல?" என்றார். அதற்குப் பிறகு கேட்பதில்லை.

காற்று பிய்த்து எடுக்கிறது. ஆடி பிறக்கவே இன்னும் நாள் கிடக்கிறது, அதற்குள் இந்த ஆட்டம்.

ஜூலை 1, செவ்வாய்

எங்கள் வீட்டுக்கு வருகிற வண்டிப்பாதையில் நின்ற வாகை மரம் விடியற்காலையில் சாய்ந்துவிட்டது. வீட்டுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே குறுக்காகக் கிடக்கிறது. ஒரு பக்கம் ஓடை. இன்னொரு பக்கம் கோயம்புத்தூர்க்காரர் முருங்கைத் தோட்டத்தின் முள்கம்பி. அந்தப் பாதையில் வீடு என்று இருப்பது எங்களுடையது ஒன்றுதான்.

ஆட்டோ அல் அமீன் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்று ஹாரன் அடிக்கிறான். நான் இந்தப் பக்கம் நின்று கையைப் பிசைகிறேன். கடைசியில் பக்கத்துத் தோட்டத்துச் சோலைமலை ஆள் சேர்த்துக்கொண்டு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் இவரை உட்கார வைத்து, நாற்காலியோடு தூக்கி, கிளைகளுக்கு மேலே கை மாற்றிக் கை மாற்றி அந்தப் பக்கம் இறக்கினார்கள். திரும்பி வரும்போதும் அப்படியே. இவர் கண்ணைத் திறக்கவே இல்லை. சட்டையில் மரப்பட்டைக் கறை.

ஜூலை 2, புதன்

வி.ஏ.ஓ. வந்தார். நல்ல பையன்தான், என் மகள் ஜெஸ்ஸி வயது இருக்கும். கூட வந்த தலையாரி அடிமரத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு நம்பர் எழுதினார். எனக்கு ஒரு சந்தோஷம், வேலை நடக்கிறது என்று. நம்பர் எதற்கென்று பிறகுதான் புரிந்தது. பாதை மரம் சர்க்கார் மரம். விழுந்தாலும் சர்க்கார் மரம்தான். ஏலம் விட்டு, ஏலம் எடுத்தவர்தான் வெட்ட வேண்டும்.

"எப்ப சார் ஏலம்?"

"மேல எழுதியிருக்கேன் டீச்சர். உத்தரவு வரணும். அதுவரைக்கும் யாரும் தொட வேணாம்."

வீட்டில் டயாலிசிஸ் நோயாளி இருக்கிறார் என்றேன். "அதையும் சேத்து எழுதிடுறேன் டீச்சர்" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தத்தை வைத்துக்கொண்டு மரத்தை நகர்த்த முடியுமா?

ஜூலை 3, வியாழன்

மரம் அறுக்கிற ஆட்களில் எனக்குத் தெரிந்த எல்லோரையும் கேட்டுவிட்டேன். "சர்க்கார் நம்பர் போட்ட மரமா? மிஷினைத் தூக்கிட்டுப் போயிருவாங்கம்மா." எல்லோரும் ஒரே பாட்டு.

ஜூலை 4, வெள்ளி

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

இன்றும் நாற்காலி. திரும்பி வரும்போது நாற்காலிக் கால் ஒரு கிளையில் மாட்டிச் சரிந்துவிட்டது. சோலைமலை தோளைக் கொடுத்துத் தாங்கிவிட்டார், அடி இல்லை. ஆனால் வேட்டி அவிழ்ந்துவிட்டது. முருங்கைத் தோட்டத்தில் களை எடுக்கிற பெண்கள் எல்லோரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சட்டென்று திரும்பிக்கொண்டாள். திரும்பிக்கொண்டாள் பாருங்கள், அதுதான் இவரைக் குத்தியிருக்கும். கைகள் இரண்டும் நாற்காலியைப் பிடித்திருந்தன. வேட்டியைப் பிடிக்க இவருக்குக் கை இல்லை. நான் ஓடிப்போய்ப் போர்த்தினேன்.

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு சொன்னார்: "இனிமே சட்டை எடுத்து வைக்காத. நான் போகல."

ஜூலை 6, ஞாயிறு

பூசைக்கு மரத்தை ஏறிக் குதித்துத்தான் போனேன். பட்டுச் சேலை கிழிந்தது. ஸ்கூட்டரை ஆள் வைத்துத் தூக்கி, மரத்துக்கு அந்தப் பக்கம் சோலைமலையின் மோட்டார் ரூமில் வைத்திருக்கிறேன்.

ஜெஸ்ஸி பெங்களூரிலிருந்து போனில் அழுதாள். "ப்பா, டவுன்ல வீடு பாக்குறேன், கொஞ்ச நாளைக்கு." இவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "டவுன் வீட்டுக்கும் இந்த மரத்தத் தாண்டித்தானம்மா தூக்கிட்டுப் போகணும். என்னைத் தூக்கிட்டுப் போக ஆளு ஒரே தடவதான் வரணும். அதுவும் நான் பாக்காதப்ப."

அவள் போனை வைத்துவிட்டாள். நான் அடுப்படிக்குப் போய், காய் வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டினேன். இவர் சாப்பிடுகிற காயில் சத்து இருக்கக் கூடாது. தண்ணீர் கூடாது. உப்பு கூடாது. ரோஷம் மட்டும் அம்புட்டும் அப்படியே இருக்கிறது, அதை வடிகட்ட வழி இல்லை.

இரண்டு தடவை போகாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும்.

ஜூலை 7, திங்கள்

அரை நாள் லீவு. நாகல் நகரில் ஒரு மிஷின் கடைக்குப் போனேன். ஆமாம், மரம் அறுக்கிற மிஷினை நானே வாங்கி அறுப்பது என்று முடிவு பண்ணிவிட்டேன். சாக்பீஸ் பிடிக்கிற கை. வீட்டில் தேங்காய் உடைப்பதற்கே இவரைக் கூப்பிட்ட கை.

கடைக்காரர் முகேஷ்குமார் முதலில் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "சார் வரலைங்களா?"

"சாருக்குத்தான் வாங்குறேன்" என்றேன். பொய்யில்லை.

கரண்டில் ஓடுவது ஒன்று காட்டினார். எடை குறைவு, சத்தம் குறைவு. எனக்கு அதுதான் பிடித்தது. "மரம் வீட்டுலருந்து எம்புட்டுத் தூரம்மா? அம்புட்டுத் தூரம் ஒயர் இழுத்தா மிஷின் முனகும், அறுக்காது." பேட்டரியில் ஓடுவது பொம்மை மாதிரி அழகாக இருந்தது. தோட்டத்தில் கிளை கழிக்கத்தான் சரிவருமாம், இடுப்புப் பருமன் வாகைக்கு முக்கி நின்றுவிடுமாம். கடைசியில் பெட்ரோல் மிஷின். பார் என்கிறார்கள், அந்த நீளத் தகடு. அதில் குட்டையானதையே எடுக்கச் சொன்னார். "புதுசா ஓட்டுறவங்களுக்கு நீளம் ஆகாதுங்க. நுனி எங்க படுதுன்னு தெரியாது. தூக்கி அடிச்சிரும்."

தரையில் வைத்து, கைப்பிடியைக் காலால் மிதித்துக்கொண்டு, கயிற்றை இழுத்தார். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. நான் இரண்டு அடி பின்னால் போய்விட்டேன், வெட்கமாக இருந்தது. அப்புறம் டேங்கைக் காலி பண்ணி, துடைத்துக் கொடுத்தார். பெட்ரோலில் ஆயிலை இந்த அளவு கலக்கணும், செயினுக்கு வேற ஆயில், முன்னால் இருக்கிற பிரேக்கைத் தள்ளாமல் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. தலையை ஆட்டினேன். என் வகுப்புப் பிள்ளைகள் ஏன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுகின்றன என்று இன்று புரிந்தது.

ஜூலை 8, செவ்வாய்

இவர் போகவில்லை. அல் அமீன் மரத்துக்கு அந்தப் பக்கம் ரொம்ப நேரம் நின்றுவிட்டு, "அண்ணே!" என்று கத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். இவர் கேட்காத மாதிரி படுத்திருந்தார்.

கட்டிலடியில் இருந்த பெட்டியைப் பார்த்துவிட்டார். "என்னது அது?"

சொன்னேன்.

"எவன் ஓட்டுறது?"

"நான்."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பார், திட்டுவார் என்று நினைத்தேன். ஒன்றுமில்லை. அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

ஜூலை 9, புதன்

நவநாள் பூசை முடிந்ததும் மிஷினைப் பையில் வைத்துக் கொண்டுபோய் ஃபாதரிடம் மந்திரிக்கச் சொன்னேன். பைக், கார் என்றால் அவருக்குப் பழக்கம்தான். இதை எடுத்து வெளியே வைத்ததும் கொஞ்சம் தயங்கினார். "விரலு பத்திரம் டீச்சர்" என்று சொல்லிவிட்டுத்தான் ஜெபத்தையே ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்து, முகேஷ்குமார் சொன்ன அளவில் பெட்ரோலும் ஆயிலும் கலந்து ஊற்றினேன். எங்கள் லாரி வந்த அன்றைக்கு வேளாங்கண்ணித் தீர்த்தத்தை ரேடியேட்டரில் ஊற்றித்தான் முதல் லோடுக்கு அனுப்பினோம். வீட்டில் எந்த வண்டி வந்தாலும் அதுதான் வழக்கம். கடைசி வரை அந்த லாரி யார் மேலும் மோதவில்லை. இந்த மிஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இதில் ரேடியேட்டர் இல்லை. மாதாவை விட்டுவிட்டு இதைத் தொட எனக்குத் தைரியம் இல்லை. பெட்ரோல் டேங்கிலேயே தீர்த்தம் இரண்டு மூடி ஊற்றி, சிலுவை போட்டு மூடினேன். இப்போது கொஞ்சம் நிம்மதி.

நாளைக்கு எப்படியாவது.

ஜூலை 10, வியாழன்

ஸ்டார்ட் ஆகவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து இழுத்தேன். கடையில் இரண்டே இழுப்பில் உறுமிய மிஷின், என் கையில் செத்த எலி மாதிரி கிடக்கிறது. சோக் போட்டு இழுத்தேன், போடாமல் இழுத்தேன். ஜெஸ்ஸி அனுப்பிய வீடியோவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே ஒரு கையால் இழுக்கிறாள். நாசமாய்ப் போக.

சோலைமலை வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தார். "டீச்சரம்மா, சர்க்கார் மரம். வம்பு வந்துரும். செத்த நாளு பொறுங்க" என்றார். பொறுக்க யாருக்கு நாள் இருக்கிறது என்று கேட்டேன். அப்புறம் அவரே வந்து இழுத்துப் பார்த்தார். அவருக்கும் ஆகவில்லை. "கடைக்குக் கொண்டுட்டுப் போங்க."

போன் பண்ணினால், முகேஷ்குமார் பழனிக்குப் போயிருக்கிறாராம். சனிக்கிழமை சாயங்காலம்தான் கடை திறப்பாராம். இன்னொரு கடையில், அங்கே வாங்காத மிஷினைத் தொட மாட்டோம் என்றார்கள்.

வலது உள்ளங்கையில் கொப்புளம் உடைந்துவிட்டது.

ஜூலை 11, வெள்ளி

போகவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸ் போன் பண்ணினாள், என்னைத் திட்டினாள். திட்டட்டும்.

கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. உட்கார்ந்துகொண்டே தூங்குகிறார். நாலு ஆள் சேர்த்து வலுக்கட்டாயமாகத் தூக்கிவிடட்டுமா என்று கேட்டேன். "தூக்கு. ஊசி போட விடமாட்டேன்" என்றார். இந்த மனுஷன் சொன்னால் செய்வார். முப்பது வருஷம் பார்த்திருக்கிறேன்.

கத்தினேன். வாய்க்கு வந்ததெல்லாம் கத்தினேன். ஏன்யா என்னைய இப்படிக் கொல்லுற, வேட்டி அவுந்தா உசுரு போயிருமா, நான் பாக்காத வேட்டியா, என்னைய நெனச்சுப் பாத்தியா, நான் யார்கிட்டயா போவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். போர்டிகோவுக்குப் போய் இருட்டும் வரை அந்தக் கயிற்றை இழுத்தேன். மிஷினை ஸ்டார்ட் பண்ணத்தான் இழுத்தேனா? எதையாவது இழுக்க வேண்டியிருந்தது.

மாதாவே, உன் தீர்த்தமும் கைவிட்டதே.

ஜூலை 12, சனி

என்ன நடந்தது என்று ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி இழுத்துக்கொண்டிருந்தேன். துணியில் ரத்தம் ஊறிவிட்டது. எனக்கே தெரியவில்லை. ஜன்னல் வழியாக இவர் பார்த்திருக்கிறார்.

"நிறுத்து."

சத்தம் தாங்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். மிஷினே ஓடவில்லை, எங்கே சத்தம்? சுவரைப் பிடித்து, நாற்காலியைப் பிடித்து, மூச்சு வாங்கிக்கொண்டே வெளியே வந்து உட்கார்ந்தார். முதலில் என் கையை எடுத்துப் பார்த்தார். துணியைப் பிரித்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "பிளக்கைக் கழட்டு" என்றார்.

கழற்றிக் கொடுத்தேன். விரலால் தடவினார், மோந்து பார்த்தார், காற்றில் நீட்டிப் பிடித்தார். "இது பெட்ரோல் ஈரம் இல்ல. பெட்ரோல்னா இந்நேரம் காஞ்சிருக்கும். டேங்க்ல என்ன ஊத்துன?"

"பெட்ரோல். ஆயில்."

"அப்புறம்?"

நான் டேங்க் மூடியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"டெய்சி."

"தீர்த்தம். ரெண்டு மூடி."

"டேங்க்லயா?"

"லாரிக்கு ஊத்துனோமில்ல?"

"லாரிக்கு ரேடியேட்டர்லடி ஊத்துனோம்!"

"இதுல ரேடியேட்டர் இல்லீங்க. அதான்."

என்னையே பார்த்தார். வயிறு குலுங்க ஆரம்பித்தது. எத்தனை மாதமாச்சு இவர் சிரித்து. இருமினார், மூச்சு முட்டியது, மறுபடி சிரித்தார். எனக்குப் பயமாகிவிட்டது, முதுகைத் தடவினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு ஒரு வாய் தண்ணிக்கு அம்புட்டுக் கணக்குப் பாக்குற. இதுக்கு ரெண்டு மூடி ஊத்தியிருக்க. எப்படிடி ஓடும்? எனக்கும் இதேதான் வியாதி, உள்ள தண்ணி நின்னுபோச்சு. நானும் ஸ்டார்ட் ஆகமாட்டேங்கிறேன்."

நானும் சிரித்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம்.

டேங்கைப் பாட்டிலில் கவிழ்த்தோம். அடியில் தண்ணீர் தனியாகக் கலங்கலாக நின்றது. தீர்த்தம் கலந்ததை எங்கே கொட்டுவது என்று கேட்டேன். "மூடி ஓரமா வை. மாதா கோவிச்சுக்க மாட்டாங்க" என்றார். டேங்கைப் புதுப் பெட்ரோல் விட்டுக் கழுவி, பிளக்கைத் துடைத்து வெயிலில் காயவைத்து, புதிதாகக் கலந்து ஊற்றினேன். அளவை இவர்தான் பார்த்தார்.

"கால வச்சு மிதி. பிரேக் போட்டியா? சோக்கை இழு. இப்ப கயித்த மெதுவா இழு, தட்டுப்படுற வரைக்கும். ஆங். இப்ப வெடுக்குன்னு."

இழுத்தேன். இருமியது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "சோக்கை உள்ள தள்ளு. இன்னொண்ணு."

பிடித்துக்கொண்டது! முருங்கைத் தோட்டத்துக் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது. இவர் கையை உயர்த்தி, லாரிக்கு ரிவர்ஸ் காட்டுகிற மாதிரி, வரட்டும் வரட்டும் என்று காட்டினார்.

மரம் வரை இவரே நடந்து வந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று. யாரும் தூக்கவில்லை. நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். கொடைக்கானல் மலையில் தைல மரம் ஏற்றிய காலத்தில், வெட்டுகிறவர்களை லோடு சேரும் வரை பார்த்துக்கொண்டு நிற்பாராம். அது இன்றைக்கு உதவியது. "பாரம் எந்தப் பக்கம் தொங்குது பாரு. அந்தப் பக்கம் நிக்காத. நுனியால தொடாத. மெரட்டாத, அதுவே எறங்கும்." ஒரு தடவை வெட்டுக்குள் செயின் மாட்டிக்கொண்டது. நான் இழுத்துப் பார்த்தேன். "ஆஃப் பண்ணு. கடப்பாரையக் குடுத்துக் கெளப்பு." மரத்தூள் வாய்க்குள், சேலைக்குள், எங்கும். பயம் கடைசி வரை போகவில்லை. போகாமலே அறுத்தேன்.

சோலைமலை வந்து, "நான் பாக்கல டீச்சரம்மா, நான் எதையும் பாக்கல" என்று சொல்லிக்கொண்டே துண்டுகளை ஓடைப் பக்கம் உருட்டிவிட்டார். ஆட்டோ நுழைகிற அளவுக்கு வழி ஆனதும் இவர் சொன்னார்: "அல் அமீனைக் கூப்பிடு. மூச்சு வாங்குது."

ஜூலை 13, ஞாயிறு

நேற்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். உடனே டயாலிசிஸ், அப்புறம் ஆக்ஸிஜன். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். முழுதாகச் சொல்ல வேண்டாம் டாக்டர் என்றேன். இவர் தூங்குகிறார், படுத்துக்கொண்டு. பூசைக்குப் போகவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருக்கும் அம்மா என் கையைப் பார்த்து, "நீங்களும் பேஷண்டாம்மா?" என்று கேட்டார்.

ஜூலை 15, செவ்வாய்

டயாலிசிஸ் முடித்து அனுப்பினார்கள். ஆட்டோ வீட்டு வாசல் வரை வந்தது. வெட்டின இடத்தைத் தாண்டும்போது இவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்.

ஜூலை 16, புதன்

வி.ஏ.ஓ. வந்துவிட்டார். கூடவே தலையாரி. நம்பர் போட்ட அடிமரம் அப்படியே கிடக்கிறது, நடுமரத்தில்தான் ஆட்டோ அளவுக்கு இடைவெளி. அரசு உதவிபெறும் பள்ளியில் வேலை. கேஸ் என்று வந்தால்? புண்ணான கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் வாசலுக்குப் போனேன்.

"யாரு டீச்சர் வெட்டுனது?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "நான்."

வாசற்படி வரை நடந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊசி போட்ட கையில் பிளாஸ்திரி. கால் இன்னும் முழுசாக வடியவில்லை. "நான்தான் வெட்டுனேன். மிஷின் என்னுது. கிளெமென்ட்னு எழுதிக்கங்க."

வி.ஏ.ஓ. அவரைப் பார்த்தார். தலையாரி அவர் காலைப் பார்த்தார். "சார்... நீங்களா? உங்களால எப்படி சார்..."

"ஏன், என்னால முடியாதுங்கிறீங்களா?"

அந்தப் பையன் என் முந்தானையை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் பேனாவை எடுத்து, கிளெமென்ட் என்றே எழுதினார். அபராதம் வரலாம் சார் என்றார். "வரட்டும்" என்றார் இவர். இவரே கையெழுத்துப் போட்டார்.

அவர்கள் போனதும் மிஷினைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, செயினில் ஒட்டிய தூளைப் பழைய டூத் பிரஷால் தட்டிக்கொண்டிருந்தார். பொய் சொல்லிவிட்டீர்களே என்றேன். "நீ ஒருத்தி வெட்டுனேன்னா நம்பவா போறாங்க?" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

வெள்ளிக்கிழமைக்கு நீலச் சட்டை வேண்டுமாம். கறை போகவில்லை என்றேன். பரவாயில்லை, தேய்த்து வை என்றார்.